கியேரோவா, ஆமோவா? ஸ்பானிய மொழியில் அன்பைச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பது

வலென்சியா நகரில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்த அன்று, வீட்டுக்கார அம்மாள் வழிக்கென்று உருளைக்கிழங்கு ஆம்லெட்டை ரொட்டிக்கு நடுவில் வைத்து, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்த ஆறு மாதத்தில் எனக்குச் சளி பிடித்தபோதெல்லாம் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து கொடுத்தவர் அவர். வெறுமனே ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்க மனம் வரவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் மரியாதை வடிவத்தையும், மனம் நெகிழ்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தவற்றிலேயே மிகப் பெரிய வினைச்சொல்லையும் எடுத்து ஒன்றாகக் கோத்து, ‘லா ஆமோ’ என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார். எனக்குப் பின்னால் மாடிப்படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, ‘யாரை?’ என்று கேட்டார்.

‘லா’ என்ற அந்தச் சிறு சொல், ஒரு பெண்ணை மரியாதையாக ‘உங்களை’ என்று சொல்லவும் பயன்படும்; ‘அவளை’ என்று சொல்லவும் பயன்படும். நான் ‘உங்கள் மேல் எனக்கு அவ்வளவு அன்பு’ என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் காதில் ‘நான் அவளைக் காதலிக்கிறேன்’ என்று விழுந்திருக்கிறது. விஷயம் புரிந்ததும் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். ‘எனக்கு தே கியேரோ போதும் மகனே, அந்த இன்னொன்றை உன் மனைவிக்கு வைத்துக்கொள்’ என்றார். இரண்டே சொற்கள்தாம், இரண்டும் பிழை. மரியாதை வடிவம் அவரை எட்ட நிறுத்தியது. வினைச்சொல் அளவுக்கு மீறி நெருங்கியது.

ஸ்பானிய மொழி பேசும் ஒருவரோடு வாழ்க்கையை இணைத்துக்கொண்டவர்கள், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பவர்கள், நட்பு முற்றியபின் தொலைபேசியில் எப்படி விடைபெறுவது என்று தடுமாறுபவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ‘தே கியேரோ’வா, ‘தே ஆமோ’வா என்ற இந்தத் தேர்வுக்கு வந்து நிற்கிறார்கள். ‘தே’ என்றால் ‘உன்னை’; இரண்டுமே ‘உன்னை நேசிக்கிறேன்’ என்றுதான் பொருள்படும். இந்த மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. இதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஆகவே ‘ஐ லவ் யூவுக்கு ஸ்பானிஷில் என்ன?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐயம் இருக்கும் இடத்திலெல்லாம் ‘தே கியேரோ’வையே எடுக்க வேண்டும், ‘தே ஆமோ’வை வெளியூர்க்காரர் முதலில் சொல்லாமல், எதிராளி சொன்னபின் திருப்பிச் சொல்வதே நல்லது. இதற்கு விலக்குகள் உண்டு. அவையும் கீழே வரும்.

அகராதியைத் திறந்தால் தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி, ‘கெரேர்’ (கியேரோவின் மூல வடிவம்) என்ற வினைக்கு முதற்பொருளாக ஆசைப்படுவதையும், இரண்டாம் பொருளாக ‘அமார்’ (ஆமோவின் மூல வடிவம்) என்பதையும் கொடுக்கிறது. ‘அமார்’ என்பதற்குப் போனால் ‘ஒருவர் மேலோ ஒன்றன் மேலோ அமோர் (அன்பு) கொள்வது’ என்று முடித்துவிடுகிறது. ஒன்றுக்கு மற்றொன்று பொருளாக நிற்கும்போது வேறுபாடு அகராதியில் இல்லை, வழக்கில்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டியதுதான். ‘அமார்’ லத்தீன் காலத்திலிருந்து அன்புக்கே உரிய சொல்லாக இருந்து வந்தது. ‘கெரேர்’ அப்படியன்று. ‘தேடுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, தேடுவதிலிருந்து வேண்டுவதாகி, வேண்டுவதிலிருந்து அன்பு கொள்வதாக வளர்ந்த சொல் அது. இன்றும் காபிக் கடையில் ‘எனக்கொரு காபி வேண்டும்’ என்று சொல்பவரும், வாசலில் நின்று மகளை வழியனுப்பும் தாயும் ஒரே ‘கியேரோ’வைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் வேண்டுவதும் விரும்புவதும் குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாமல் காப்பது ‘ஆ’ என்ற ஓர் எழுத்து. ‘கியேரோ உனா என்ஃபெர்மேரா’ என்றால் எனக்கு ஒரு செவிலியர் தேவை, யாராக இருந்தாலும் சரி. ‘கியேரோ ஆ உனா என்ஃபெர்மேரா’ என்றால் ஒரு குறிப்பிட்ட செவிலியர் மேல் எனக்கு அன்பு. தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ‘காபி குடித்தேன்’ என்று உருபில்லாமல் சொல்லும் நாம், மனிதர் என்று வந்துவிட்டால் ‘அவனைப் பார்த்தேன்’ என்று இரண்டாம் வேற்றுமை உருபைக் கட்டாயம் சேர்க்கிறோம் அல்லவா? அந்த ‘ஐ’ செய்யும் வேலையில் பாதியை அங்கே ‘ஆ’ செய்கிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர்கள் இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் வழியாக வருபவர் செய்யத் தேவையில்லை.

இனி நாடு நாடாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேர்வின் பெரும்பகுதி அங்கேதான் முடிவாகிறது.

ஸ்பெயினில் ‘தே கியேரோ’தான் எல்லாம். காதலர்கள், நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள், தாயும் பிள்ளையும், பாட்டியும் பேரனும், மிக நெருங்கிய தோழிகள் என்று எல்லாரும் அதையே சொல்கிறார்கள். அங்கே ‘தே ஆமோ’ தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு மேடை வாசனை உண்டு. கவிதையிலும் கல்யாண உறுதிமொழியிலும் அது பொருந்தும். காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னால், லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வசனத்தை ஒப்பித்தது போல இருக்கும். நம் வீடுகளில் கணவன் மனைவியிடம் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று முழு வாக்கியமாகச் சொன்னால், என்ன ஆயிற்று இவருக்கு என்று அவர் திரும்பிப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே உணர்வு. இளையோரிடம் இது கொஞ்சம் தளர்ந்து வருகிறது. இருந்தாலும் மத்ரீதிலோ வலென்சியாவிலோ இருப்பவருக்கு எழுதும் முதல் குறுஞ்செய்தியில் ‘தே கியேரோ’வை விட்டுவிட்டு ‘தே ஆமோ’வை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மெக்ஸிகோவில் இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்கிறது. நண்பர்களுக்கும் அத்தை மாமாக்களுக்கும் புதிதாகப் பழகத் தொடங்கிய காதலருக்கும் ‘தே கியேரோ’. உறவு நிலைத்தபின் காதலருக்கு ‘தே ஆமோ’. முதன்முறையாக ஒருவர் ‘கியேரோ’விலிருந்து ‘ஆமோ’வுக்கு மாறும் நாளை இருவரும் நினைவில் வைத்திருப்பார்கள். அது ஓர் அறிவிப்பு. அதனால்தான், பழகி மூன்று வாரமே ஆன நிலையில் ஒரு வெளிநாட்டவர் அகராதியை நம்பி ‘தே ஆமோ’ என்றால் எதிராளி பின்வாங்குகிறார். இரண்டாண்டு கழிந்தும் ‘தே கியேரோ’விலேயே நின்றால் அதையும் அவர் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார். முன்பு சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது: லத்தீன் அமெரிக்கரோடு நீண்ட உறவில் இருப்பவர், அவரே முதலில் சொல்லட்டும் என்று காலவரையின்றிக் காத்திருக்கக் கூடாது. பெற்றோர் பிள்ளைகளிடம் ‘தே ஆமோ’ சொல்வதும் மெக்ஸிகோவில் இயல்பு; அதைக் கேட்டு அதிர வேண்டியதில்லை. பிப்ரவரி 14 அங்கே காதலர்களுக்கு மட்டுமான நாளாக இல்லாமல் ‘அன்பும் நட்பும்’ என்ற பெயரில் கொண்டாடப்படுவதால், அன்று வகுப்புத் தோழிகளும் ஒருவருக்கொருவர் ‘தே கியேரோ’ எழுதுவார்கள். கொலம்பியா அதே நாளைச் செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையில் வைத்திருக்கிறது.

அர்ஜென்டினாவில் நிலைமை தலைகீழ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ‘தே ஆமோ’ மலிந்துவிட்டது. பிறந்தநாளுக்கு நல்ல பரிசு கொடுத்த தோழியிடமும், விடுமுறையில் தன் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியரிடமும் இளம்பெண்கள் ‘தே ஆமோ!’ என்று கூவுவது சாதாரணம். பக்கத்திலேயே சிலி, அங்கே காதலனை ‘போலோலோ’ என்கிறார்கள். ரீங்காரமிட்டுப் பறக்கும் ஒரு வண்டுக்கும் அதுவே பெயர். வண்டைத் தூது அனுப்பிப் பழகிய மொழிக்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு நுணுக்கத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் கற்பவர்கள் மிகுதியாக இடறுவது இதில்தான். ‘மூச்சோ’ என்றால் ‘மிகவும்’. ‘தே கியேரோ’வோடு அதைச் சேர்த்தால் அன்பு கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. காதலைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தே கியேரோ மூச்சோ’ என்றால் சூடு குறைந்துவிடுகிறது. அத்தைக்கும் பழைய வகுப்புத் தோழனுக்கும் சொல்லும் வாஞ்சையாக அது மாறிவிடுகிறது. காதலை மறுப்பவரும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: ‘தே கியேரோ மூச்சோ, ஆனால்…’ எதையும் சேர்க்காமல் வெறும் ‘தே கியேரோ’ என்று சொல்லி நிறுத்துவதில்தான் கனம் இருக்கிறது. அளவிட முடியாததை அளவுச்சொல் போட்டு அளந்துவிட்டால் அது அளவுக்குள் வந்துவிடுகிறது போலும். குறுஞ்செய்திகளில் ‘தே கியேரோ மூச்சோ’வின் மூன்று சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எழுதி அனுப்பும் வழக்கமும் உண்டு, அது நட்புக்கானது, அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்பென்று சொல்லும் நிலைக்கு இன்னும் வராதவர், ஈர்ப்பை மட்டும் சொல்ல விரும்பினால், ‘மே குஸ்தாஸ்’ இருக்கிறது. எனக்குப் பிடித்த வடிவம் இதுதான். இதன் கட்டுமானம் ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ‘எனக்கு’ என்று தொடங்குகிறது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று சொல்லும் நம் வாயில் இது தானாக அமர்ந்துவிடும். விருப்பம் என்பது நான் செய்யும் செயலன்று, எனக்கு நேர்வது என்ற பார்வை இரு மொழிகளுக்கும் பொது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: ஸ்பானியத்தில் பிடித்துப்போனவரே எழுவாய், வினை அவருக்கேற்ப மாறும், தமிழில் ‘பிடிக்கும்’ யாருக்காகவும் மாறாது. இங்கே ‘மூச்சோ’ சேர்ப்பதில் தீங்கில்லை. ‘மே குஸ்தாஸ் மூச்சோ’ நேர்மையாகவே ஈர்ப்பைக் கூட்டிச் சொல்கிறது. ஒரே துணைச்சொல் ஒரு வினையோடு சேரும்போது தணிக்கிறது, இன்னொன்றோடு சேரும்போது மூட்டுகிறது. மொழிகளின் இந்தக் குறும்புக்கு இலக்கண நூலில் விளக்கம் தேட வேண்டாம்.

ஆனால் ‘மே குஸ்தாஸ்’ எப்போதும் உடல்சார்ந்த ஈர்ப்பின் பக்கம் சாய்ந்தது. என் ஆசிரியரை எனக்குப் பிடிக்கும், மேலாளரை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல இதை எடுத்தால் கேட்பவர் புருவம் உயரும். அதற்கென்றே ‘மே காயேஸ் பியேன்’ இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீ எனக்கு நன்றாக விழுகிறாய்’. கால்சட்டை இடுப்பில் நன்றாக விழுவது போல, பழக்கத்துக்கு இணக்கமானவர் என்று பொருள். அலுவலக நட்புக்கு இதைவிடப் பாதுகாப்பான சொல் கிடையாது. ‘தே அதோரோ’ என்பது தெய்வத்தை ஆராதிக்கும் சொல்லிலிருந்து வந்தாலும், தோழிகளுக்கும் சித்தி பிள்ளைகளுக்கும் நடுவே இலேசாக வீசப்படுகிறது. அதன் பெரிய உருவத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ‘தே எஸ்தீமோ’, ‘தே அப்ரேசியோ’ இரண்டும் மதிப்பைச் சொல்பவை. ஓய்வு பெறும் சக ஊழியருக்கு எழுதும் அட்டையில் நன்றாக நிற்கும், காதல் கடிதத்தில் எழுதினால் அதுவே மறுப்புக் கடிதம்.

சொல்வதைப் போலவே பதிலுக்கும் தேர்வு உண்டு. ‘தே கியேரோ’ என்று ஒருவர் சொன்னால் ‘யோ தம்பியேன்’ என்று பதில் சொல்வது பலரும் செய்வது. ‘நானும்’ என்று பொருள், தம்பி யாரும் இதில் இல்லை. ‘நானும் என்னை நேசிக்கிறேன்’ என்றும் அதை வேண்டுமென்றே திருகிக் கேலி செய்யலாம் என்பதால், ‘இ யோ ஆ தி’, அதாவது ‘நானும் உன்னை’ என்று சொல்வதை நான் விரும்புகிறேன். ஆனால் ‘மே குஸ்தாஸ்’ என்பதற்கு ‘யோ தம்பியேன்’ என்று சொன்னால் அது அப்பட்டமான பிழை, ஏனென்றால் அந்த வாக்கியத்தில் ‘யோ’ என்ற எழுவாயே இல்லை. அங்கே சொல்ல வேண்டியது ‘இ தூ ஆ மீ’: ‘எனக்கும் நீ’. ஆங்கில வழியில் படித்த மாணவர்கள் இங்கே வரிசையாக வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று ஒருவர் சொன்னால் தமிழர் யாரும் ‘நானும்’ என்று சொல்வதில்லை, ‘எனக்கும்’ என்றுதான் சொல்வார்கள். அதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

உச்சரிப்பிலும் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ‘தே’ என்பதில் வரும் ஒலி நம் ‘த’வைப் போலவே நாக்கு பல்லைத் தொட்டு எழுவது, ஆங்கிலம் பேசுபவர்கள் அதை ‘டே’ என்று தடிக்கச் சொல்லி உடனே காட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள். ‘கியேரோ’வில் வருவது இடையின ரகரத்தை ஒத்த ஒற்றைத் தட்டல். அதை உருட்டி அழுத்த வேண்டாம்.

வினையைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இனி முன்னிலை. ‘தூ’ என்பது ‘நீ’. ‘உஸ்தெத்’ என்பது ‘நீங்கள்’. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ‘தூ’வின் இடத்தில் ‘வோஸ்’. நல்வாய்ப்பாக ‘தே கியேரோ’வில் உள்ள ‘தே’ தூவுக்கும் வோஸுக்கும் பொதுவானது, ஆகவே அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் உஸ்தெத்தில்தான். பெரியவர்களை ‘நீ’ என்று அழைக்கக் கூசும் நாம், அந்தக் கூச்சத்தோடு ஸ்பெயினுக்குப் போனால், மாமியாரையும் உஸ்தெத்திலேயே அழைத்து அவரை வங்கி மேலாளராக ஆக்கிவிடுகிறோம். அங்கே இன்று பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் ‘தூ’ என்று அழைப்பதே பெருவழக்கு. ‘என்னைத் தூ என்றே கூப்பிடு’ என்று அவரே சொல்லும் வரை காத்திருக்கலாம். சொன்ன பிறகும் விடாமல் உஸ்தெத்தைப் பிடித்திருப்பது மரியாதையன்று, விலகல்.

கொலம்பியாவின் மலைநாட்டுக்குப் போனால் இந்த விதி அப்படியே கவிழ்ந்துவிடும். பொகோத்தாவில் ஒரு சிறு காபிக் கடையில், எழுபது வயதைத் தாண்டிய தம்பதியர் பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கணவரின் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டே, ‘உஸ்தெத் இன்னொரு கறுப்புக் காபி குடிக்கிறீர்களா, மிஹோ?’ என்று கேட்டார். ‘மிஹோ’ என்றால் ‘என் மகனே’. கணவரை நீங்கள் என்றும் மகனே என்றும் ஒரே மூச்சில் அழைத்த அந்த வாக்கியத்தில் நெருக்கம் எள்ளளவும் குறையவில்லை. அங்கே உஸ்தெத் அந்நியருக்கு மட்டுமானதன்று, வீட்டுக்குள்ளும் புழங்கும் சொல். அந்தப் பகுதியில் ‘சுமெர்சே’ என்றும் ஒரு முன்னிலை உண்டு. ‘தங்கள் கருணை’ என்பதன் தேய்ந்த வடிவம். உஸ்தெத்தும் அதே கருணைச் சொல்லின் வேறொரு தேய்வுதான். ஒருகாலத்தில் எசமானரிடம் சொன்ன சொல், இன்று பேரப்பிள்ளைக்குச் சூப் ஊற்றும் பாட்டியின் வாயில் கொஞ்சலாக இருக்கிறது. அங்கே உள்ளவர்களிடம் அன்பைச் சொல்ல நேர்ந்தால் ‘லோ கியேரோ’ (ஆணிடம்), ‘லா கியேரோ’ (பெண்ணிடம்) என்ற வடிவங்களுக்கு முழு இடமுண்டு. வலென்சியாவில் என்னைக் கவிழ்த்த அந்த ‘லா’ இங்கே பழுதில்லாமல் வேலை செய்யும். வினையை மட்டும் மாற்ற வேண்டும். பலரிடம் ஒருசேரச் சொல்வதானால், ஸ்பெயினில் ‘ஓஸ் கியேரோ’, லத்தீன் அமெரிக்காவில் ‘லோஸ் கியேரோ’.

விளிச்சொற்களில் தேர்வு இன்னும் எளிது, ஆபத்து இன்னும் கூடுதல். ‘மி அமோர்’ (என் அன்பே), ‘மி விதா’ (என் உயிரே), ‘சியேலோ’ (வானமே), ‘கொராசோன்’ (இதயமே), ‘காரின்யோ’ ஆகியவை காதலருக்கு எங்கும் செல்லும். ஆனால் கரீபியக் கரையோரங்களில் பழக்கடைக்காரப் பெண்மணி ஒருவர் ‘என்ன வேண்டும், மி அமோர்?’ என்று கேட்டால், அது ‘என்ன வேணும் கண்ணு?’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நாமும் திருப்பி ‘மி அமோர்’ என்று சொல்லிப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். கடைக்காரர் சொன்னால் பாசம், வாடிக்கையாளர் சொன்னால் வழிசல். ‘கோர்தா’ (குண்டு), ‘ஃபிளாகோ’ (ஒல்லி), ‘வியேஹா’ (கிழவி) போன்றவையும் தம்பதிகளுக்குள் செல்லப்பெயர்களாக உலவுகின்றன. ஒரு மனைவி கணவர் தன்னை ‘கோர்தா’ என்று கூப்பிடாத நாளில்தான் அவர் கோபமாக இருக்கிறார் என்று புரிந்துகொள்வார். வெளியார் இவற்றைத் தொடவே கூடாது. தமிழர் உடனே உரிமை கொண்டாடக்கூடியது வேறொன்று: கரீபியப் பகுதிகளில் சின்னஞ்சிறு மகனைத் தாய் ‘பாப்பி’ (அப்பா) என்றும், மகளை ‘மாமி’ (அம்மா) என்றும் அழைப்பாள். ‘வாப்பா’, ‘சாப்பிடும்மா’ என்று பிள்ளைகளையே பெற்றோராக்கிப் பேசும் நமக்கு இதைவிட வீட்டு நினைவைக் கொண்டுவருவது எதுவுமில்லை. மெக்ஸிகோவின் சந்தைகளில் கேட்கும் ‘மி ரெய்’, ‘மி ரெய்னா’ இரண்டும் நம் ராசாவும் ராசாத்தியும்தான்.

இந்த இடத்தில் அகராதி வைக்கும் இரண்டு பொறிகளைச் சொல்லிவிட வேண்டும். காதலன் என்பதற்கு ‘அமாந்தே’ என்று போட்டிருக்கும். வழக்கில் அது கள்ள உறவில் இருப்பவரைக் குறிக்கும். தன் காதலியை ஒரு விருந்தில் அப்படி அறிமுகம் செய்தவர் அன்றிரவு தனியாகத்தான் வீடு திரும்புவார். சரியான சொல் ‘நோவியோ’, ‘நோவியா’. காதலர், நிச்சயிக்கப்பட்டவர், மணநாளில் மாப்பிள்ளை, பெண் என்று மூன்று நிலைக்கும் அதே சொல். இரண்டாவது பொறி ‘கெரிதா’. கடிதத் தொடக்கத்தில் பெயருக்கு முன் வந்தால் ‘அன்புள்ள’. பெயர்ச்சொல்லாகத் தனித்து நின்று ‘அவருடைய கெரிதா’ என்றால் ‘அவர் வைத்திருப்பவள்’. கடித முடிவுகளில் பெரிய சிக்கல் இல்லை: நண்பர்களுக்கு ‘உன் அப்ராசோ’ (ஓர் அணைப்பு) எங்கும் பொருந்தும், ‘பேசோஸ்’ (முத்தங்கள்) இன்னும் நெருங்கியவர்களுக்கு.

பிரிவைச் சொல்வதிலும் கடல் நடுவே நிற்கிறது. லத்தீன் அமெரிக்காவில் ‘தே எஸ்த்ரான்யோ’; ஸ்பெயினில் ‘தே எச்சோ தே மேனோஸ்’. ‘எஸ்த்ரான்யோ’ என்பதற்கு விநோதம் என்றும் பொருள் இருப்பதால், நீ இல்லாத உலகம் விநோதமாக இருக்கிறது என்று நானே பொருள் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு கரைகளிலும் செல்லும் மூன்றாவது வடிவம் ‘மே ஆசேஸ் ஃபால்தா’: நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது. ‘உன்னை மிஸ் பண்ணுகிறேன்’ என்று பாதியைக் கடன் வாங்கிப் பேசும் நமக்கு, ‘எனக்கு’ என்று தொடங்கும் இந்த வடிவம் கடன் வாங்காமலே கிடைக்கிறது. எந்த நாட்டவர் என்று தெரியாவிட்டால் இதையே எடுங்கள்.

எதையும் சொல்லாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். ஆனால் அங்கே அது வெறும் மௌனமாக இருப்பதில்லை. இரவில் விருந்து முடிந்து கிளம்பும்போது, ‘சேர்ந்ததும் சொல்’ என்று பொருள்படும் ‘அவீசாமே குவாந்தோ யேகேஸ்’ என்பதைச் சொல்லாமல் கதவைச் சாத்த மாட்டார்கள். சொன்னவர் அந்தச் செய்தி வரும் வரை விழித்திருப்பார் என்பதையும், செய்தி அனுப்ப மறப்பது ‘தே கியேரோ’வுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்குச் சமம் என்பதையும் நான் தாமதமாகத்தான் கற்றேன்.

வலென்சியாவை விட்டுக் கிளம்பிய அன்று அந்த அம்மாளும் படியின் மேலிருந்து அதைத்தான் கடைசியாகச் சொன்னார். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்துத் தூங்கி எழுந்த பிறகு கைப்பேசியைப் பார்த்தால், ‘சேர்ந்துவிட்டாயா?’ என்று அவரிடமிருந்து மூன்று செய்திகள் காத்திருந்தன. ‘சேர்ந்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று உஸ்தெத்தில் தொடங்கி, அதை அழித்து, தூவுக்கு மாற்றி, கடைசியில் ‘தே கியேரோ மூச்சோ’ என்று எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: ‘இ யோ ஆ தி, மகனே. ஆம்லெட்டில் உப்பு போதுமாக இருந்ததா?’